கடலூரிலிருந்து ஆல்ப்ஸுக்கு: வழிகாட்டியுடன் போகும் பைக் பயணத்துக்குத் தயாராவது எப்படி?

கடலூரில் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு குறை உண்டு. ஊரே தட்டை. திருப்பாதிரிப்புலியூரில் கிளம்பி புதுச்சேரி போய்ச் சேரும் வரை ஏற்றம் என்று சொல்ல கெடிலம் பாலமும் பெண்ணையாற்றுப் பாலமும்தான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களில் பைக் ஓட்ட வேண்டும் என்பது எனக்கு 14 வருட ஆசை. மகள் படிப்பு, கொரோனா, வீடு கட்டும் வேலை என்று மூன்று முறை தள்ளிப்போய், போன செப்டம்பரில்தான் அது நிறைவேறியது. ஊரில் பலர் விவரம் கேட்பதால் முழுவதையும் வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டியுடன் போகும் பயணத்தில் நிறுவனம் பாதையைப் பார்த்துக்கொள்ளும், தங்கும் அறையைப் பார்த்துக்கொள்ளும், பைக்கையும் கொடுக்கும். ஆனால் கொண்டை ஊசி வளைவில் உங்கள் தலையைத் திருப்ப வேண்டியது நீங்கள்தான். அதனால் பணத்தைவிட, சாமான்களைவிட, பயிற்சிக்குத்தான் அதிக நாள் ஒதுக்க வேண்டும். எனக்கு ஆன மொத்தக் காலம் 9 மாதம்.

முதல் படி: எந்தப் பாதை, எந்த மாதம்

நான் தேர்ந்தெடுத்தது பிரான்ஸின் ‘ரூத் தே கிராந்த் ஆல்ப்’. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தோனோன் ஊரில் தொடங்கி, தெற்கே மத்தியதரைக் கடலோரம் நீஸ் நகர் வரை இறங்கும் சுமார் 700 கிலோமீட்டர் மலைச்சாலை. வழியில் இஸெரான் கணவாய் (2,764 மீட்டர்), கலிபியே (2,642), இஸோவார் (2,360) எல்லாம் வரும், மாற்றுப் பாதையில் போனால் போனெத்தும் (2,715) வரும். நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதாவது, நீலகிரியின் உச்சியைவிட உயரத்தில் தார்ச்சாலை போகிறது. இஸெரான் சாலை 1937இல் திறக்கப்பட்டது. ஆல்ப்ஸில் தார் போட்ட கணவாய்களில் அதுதான் மிக உயரமானது.

இந்தக் கணவாய்கள் வருடம் முழுக்கத் திறந்திருக்காது. பொதுவாக ஜூன் நடுவில் பனி அகற்றித் திறப்பார்கள், அக்டோபர், நவம்பரில் மூடிவிடுவார்கள். ஜூனில் போனால் ஒன்றிரண்டு கணவாய் மூடியிருக்க வாய்ப்புண்டு. ஆகஸ்ட் முழுக்க பிரெஞ்சுக்காரர்களின் விடுமுறை என்பதால் உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டு வண்டிகளும் கார்களும் சாலையை அடைத்துக்கொள்ளும். என் கருத்தில் செப்டம்பர் முதல் இரண்டு வாரம்தான் சரியான நேரம். அதற்கு ஜனவரியிலேயே முன்பதிவு செய்துவிட வேண்டும்.

இரண்டாம் படி: நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

விலையைக் கேட்கும் முன் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள். ஈசிஆரில் 200 கிலோமீட்டர் என்பது காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவே முடிகிற தூரம். கணவாய்ச் சாலையில் அது ஒரு முழு நாள். 250ஐத் தாண்டினால் நான் வேண்டாம் என்பேன், ஏனென்றால் மாலையில் களைத்த கையோடு இறக்கத்தில் இறங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் குழுவில் எத்தனை பேர், முன்னால் ஒரு வழிகாட்டி இருப்பது போல் கடைசியிலும் ஒருவர் வருவாரா, பெட்டிகளை ஏற்றிக்கொள்ள வேன் உண்டா, கணவாய் மூடினால் மாற்றுப் பாதை என்ன, பைக் கீழே விழுந்து சேதமானால் நம் கையிலிருந்து அதிகபட்சம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையெல்லாம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை மின்னஞ்சலிலேயே வாங்கி வையுங்கள். போனில் சொன்னது பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

பைக் தேர்விலும் அவசரம் வேண்டாம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடை 196 கிலோ. அங்கே எல்லோரும் ஆசைப்படுகிற பிஎம்டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் ஏறக்குறைய 250 கிலோ, 136 குதிரைசக்தி. படம் எடுத்தால் கம்பீரமாக இருக்கும். ஆனால் சரிவான இடத்தில் நிறுத்தி, ஒரு கால் மட்டும் தரையில் எட்டுகிற நேரத்தில் அந்த 50 கிலோ வித்தியாசம் என்ன என்று தெரியும். நான் 5 அடி 6 அங்குலம். அதே பிஎம்டபிள்யூவின் சிறிய எஃப் 750 ஜிஎஸ் கேட்டு வாங்கினேன். 224 கிலோ, இருக்கை உயரம் 815 மில்லிமீட்டர். இரண்டு பாதமும் தரையில் பதிந்தது. ஏழு நாளில் ஒரு முறைகூட இன்னும் சக்தி இருந்திருக்கலாமே என்று தோன்றவில்லை.

மூன்றாம் படி: ஆவணங்கள்

இங்கே நம் ஆட்களுக்கு வரும் முதல் சிக்கல் இனிஷியல். லைசென்சில் முன்னால் ஓர் எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, விமான டிக்கெட்டில் வேறு வரிசை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், அங்கே பைக் கொடுப்பவருக்குத் தெரியாது. லைசென்சை பாஸ்போர்ட்டில் உள்ளபடி திருத்திவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

அடுத்தது சர்வதேச ஓட்டுநர் அனுமதி. பரிவாஹன் தளத்தில் விண்ணப்பித்து உங்கள் ஆர்.டி.ஓ. ஆபீசில் பெறலாம். அரசு கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆகவே அவசரப்பட்டு ஜனவரியிலேயே எடுக்க வேண்டாம், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பு போதும். கையில் வாங்கியதும் அங்கேயே நின்று திறந்து பாருங்கள். வாகனப் பிரிவுகளின் பட்டியலில் ‘ஏ’ என்பது மோட்டார் சைக்கிள், ‘பி’ என்பது கார். எனக்குக் கிடைத்த புத்தகத்தில் ‘பி’க்கு எதிரே மட்டும் முத்திரை இருந்தது. வீட்டுக்கு வந்து இரவில்தான் கவனித்தேன். மறுநாள் போய்ச் சரிசெய்து வாங்கினேன். கவனிக்காமல் போயிருந்தால் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வேனில்தான் உட்கார்ந்து வந்திருப்பேன். இந்த அனுமதி தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸ் அட்டையும் கூட வேண்டும். போனில் காட்டுகிற டிஜிலாக்கர் அங்கே உதவாது.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். அந்தக் கடைசி எல்லையை நம்பி இருக்காதீர்கள், மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. பாஸ்போர்ட் கடந்த 10 வருடத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும், திரும்பும் நாளுக்குப் பிறகு குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து ஜெனீவாவுக்கு நேரடி விமானம் கிடையாது. ஜெனீவா இருப்பது சுவிட்சர்லாந்தில் என்றாலும் அதுவும் ஷெங்கனில் சேர்ந்ததுதான், தனி விசா தேவையில்லை.

விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அந்தக் காப்பீட்டை வாங்கிவிட்டதால் பைக் விபத்துக்கும் காப்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல திட்டங்களில் பைக் ஓட்டுவதையே விலக்கி வைத்திருப்பார்கள், அல்லது இத்தனை சிசிக்கு மேல் கிடையாது என்பார்கள். நான் மூன்று நிறுவனங்களுக்கு ஒரே கேள்வியை எழுதி அனுப்பினேன்: “750 வகை பைக்கை மலைச்சாலையில் நானே ஓட்டும்போது விழுந்தால், மருத்துவமனைச் செலவும் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் தருவீர்களா?” ஆம் என்று எழுத்தில் சொன்ன நிறுவனத்திடம் வாங்கினேன்.

பைக்குக்கான முன்பணத்தை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்கள். வரம்பு போதுமா, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கையும் கண்ணும் பழக வேண்டும்

லைசென்ஸ் எடுக்கும்போது எட்டு போட்டதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் எட்டு போடுவதில்லை. கொண்டை ஊசி வளைவு என்பது பாதி எட்டுதான், சாய்வான தரையில். அதனால் திரும்ப அங்கிருந்தே ஆரம்பித்தேன்.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் கூட்டம் இருக்காது. வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் கோலமாவு எடுத்துப் போய் 8 மீட்டர் இடைவெளியில் இரண்டு நீளக் கோடு போடுவேன். அந்த இரண்டு கோட்டுக்குள் கால் ஊன்றாமல் திரும்பி வர வேண்டும். முதல் நாள் பத்துக்கு ஏழு முறை சக்கரம் கோட்டை மிதித்து வெளுத்துப் போனது. கோலமாவில் ஒரு வசதி, பொய் சொல்லாது. எந்த இடத்தில் தப்பினோம் என்று டயர் தடமே காட்டிவிடும். ஐந்தாவது வாரம் 8 மீட்டர் 6 மீட்டரானது.

செய்முறை இதுதான். முதல் கியர். கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வையுங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்துவது பின் பிரேக், அதையும் லேசாக மிதித்தபடியே இருக்க வேண்டும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொட்டால் பைக் அந்த நொடியே படுத்துவிடும். மெதுவான திருப்பத்தில் பைக் உள்ளே சாயட்டும், உங்கள் உடல் வெளிப்பக்கம் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேல் தலை. முகவாய் தோளுக்கு மேல் வரும் அளவுக்குத் திருப்பி, போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். முன் சக்கரத்தைப் பார்த்தால் முன் சக்கரம் இருக்கும் இடத்திலேயே விழுவீர்கள்.

இதில் வலது பக்கத் திருப்பத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே மலையில் நமக்கு இறுக்கமானது இடது கொண்டை ஊசி. வலது வளைவில் வெளி விளிம்போடு அகலமாகச் சுற்றி வந்துவிடலாம். பிரான்ஸில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், அங்கே இறுக்கமான வளைவு வலதுபக்கம் வரும். ஏற்காட்டில் எத்தனை முறை ஏறியிருந்தாலும் இந்த ஒன்று நமக்குப் பழகியிருக்காது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, நானே மைதானத்தில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது.

மைதானம் கைவந்த பிறகு மலை. விருத்தாசலம், சின்னசேலம் வழியாக சேலம் போய் ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அதில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு கொல்லிமலைக்குப் போங்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 வளைவுகள், வளைவுக்கு எண் பலகை உண்டு. ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடம். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டொழிக்க வேண்டிய இடம் இது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும், இன்ஜினே பாதி பிரேக் பிடிக்கும்.

கொல்லிமலையில் ஒரு வளைவில் எதிரே பஸ் இறங்கி வந்தது. எனக்குப் போதுமான இடம் இருந்தது. ஆனால் என் கண் பஸ்ஸின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது, பைக்கும் அந்தத் திசையிலேயே நகர்ந்தது. டிரைவர் பஸ்ஸை நிறுத்தி, கையை நீட்டி ‘அந்தப் பக்கம்’ என்று காட்டினார். அவர் கை போன திசையைப் பார்த்தேன், பைக் தானாகத் திரும்பியது. மைதானத்தில் நூறு தடவை செய்த பயிற்சியை அந்த ஒரு கைதான் எனக்குப் புரியவைத்தது.

ஐந்தாம் படி: வலப்பக்கச் சாலை

மூளையை மாற்றுவதுதான் இதில் வேலை. எதிரே வண்டி வரும்போது யாரும் தவறமாட்டோம், அந்த வண்டியே நினைவூட்டிவிடும். ஆபத்து வெறிச்சோடிய சாலையில். படம் எடுக்க நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளம்பும்போதும், பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போதும் கை தானாக இடப்பக்கம் போகும். இரண்டாம் நாள் காலை காபி குடித்துவிட்டு நான் அப்படித்தான் கிளம்பினேன், பின்னால் வந்தவர் ஹார்ன் அடித்ததால் தப்பித்தேன். அன்றே ஸ்பீடோமீட்டர் மேல் ஒரு சின்ன ஸ்டிக்கரில் ‘வலம்’ என்று எழுதி ஒட்டினேன். நீங்கள் ஊரிலிருந்தே எழுதி எடுத்துப் போங்கள்.

ரவுண்டானாவுக்கு ஒரு நினைவுக்குறி சொல்கிறேன். நம் ஊரில் கோயிலைச் சுற்றும் திசையில்தான் ரவுண்டானாவையும் சுற்றுகிறோம். அங்கே அதற்கு நேரெதிர். உள்ளே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் இடப்பக்கமிருந்து வருவார், அவருக்கு வழிவிட வேண்டும். ஆனால் பலகை எதுவும் இல்லாத கிராமச் சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை. அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி, அவர் நிற்காமல் வருவார்.

வளைவில் ஹார்ன் அடித்து வருவது நம் வழக்கம். அங்கே அடிக்க மாட்டார்கள், தன் பாதிச் சாலைக்குள் இருப்பார்கள் அவ்வளவுதான். சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு வெளியே அவர்களை முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். குறுகலான சரிவில் இரு வண்டிகள் சந்தித்தால் இறங்குபவர் முதலில் நிற்க வேண்டும்.

ஆறாம் படி: குளிருக்கும் சட்டத்துக்கும் ஏற்ற உடை

1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். நீஸில் 28 டிகிரி என்றால் போனெத் மேலே 10 டிகிரி, அதன் மேல் காற்று. நம் மார்கழி விடியலில் கூடப் பார்க்காத குளிர் இது. தடித்த ஒரே ஜாக்கெட்டைவிட மூன்று மெல்லிய அடுக்கு நல்லது: உடம்போடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே பாதுகாப்பு அட்டைகள் வைத்த ஜாக்கெட். மழை உடை தனியாக, கால்சட்டையும் மேல்சட்டையும் பிரிந்ததாக இருக்கட்டும். கழுத்துக்கு ஒரு துணிக்குழாய். ஐம்பது ரூபாய் சமாச்சாரம்தான், ஆனால் கழுத்து வழியே இறங்கும் குளிர் கைகளை விறைக்க வைத்துவிடும்.

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் போதாது, ஐரோப்பாவில் ஏற்கும் ஈசிஇ 22.06 தர முத்திரை பார்த்து வாங்குங்கள். கண்ணாடியில் மூச்சுப் பனி படியாமல் தடுக்கும் உள்தகடு கட்டாயம் வேண்டும். பிரான்ஸில் சிஇ என்ற ஐரோப்பியத் தரக் குறியுள்ள கையுறை போடாமல் ஓட்டினால் அபராதம். ஒளிரும் மேல்சட்டை ஒன்று வண்டியோடு இருக்க வேண்டும். காதுக்குள் செருகும் இயர்போன் கூடாது, ஹெல்மெட்டில் பொருத்திய ஸ்பீக்கர் பரவாயில்லை.

பூட்ஸை மட்டும் கடைசி வாரத்தில் வாங்காதீர்கள். கணுக்கால் மூடிய பூட்ஸ் பதமாக ஒரு மாதம் பிடிக்கும். கியர் மாற்றும்போது கால்விரல் எதுவும் உணராது, அதற்கும் பழக்கம் வேண்டும்.

ஏழாம் படி: உடம்பு

தினமும் 45 நிமிடம் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் நடந்தேன். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல உட்கார்வது தொடைக்கு. கழுத்துக்கும் முன்கைக்கும் தனிப் பயிற்சி. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.

எட்டாம் படி: நாலு வார்த்தை பிரெஞ்சு

இதற்குப் புதுச்சேரிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். என் நண்பனின் அப்பா பழைய ‘சொல்தா’, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முத்தியால்பேட்டை வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, “பேசக் கத்துக்கறது அப்புறம் தம்பி, முதல்ல பலகையைப் படிக்கக் கத்துக்கோ” என்றார். கோடு போட்ட நோட்டில் அவர் எழுதிக் கொடுத்தவை இன்னும் என்னிடம் இருக்கின்றன. ‘கோல்’ என்றால் கணவாய். ‘உவேர்’ திறந்திருக்கிறது, ‘ஃபெர்மே’ மூடியிருக்கிறது. ‘ரூத் பாரே’ சாலை அடைப்பு. ‘கிராவியோன்’ என்று பலகை வந்தால் முன்னால் உதிரி ஜல்லி, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை.

கடைசியாக ஒரு வார்த்தையைச் சிவப்பு மையில் எழுதிச் சுற்றிக் கோடு போட்டார்: ‘கஸோல்’. கேட்க கேசோலின் மாதிரி இருக்கும், பெட்ரோல் என்று நினைப்போம். அது டீசல். பெட்ரோல் வேண்டுமானால் எஸ்பி 95 அல்லது எஸ்பி 98 என்று எழுதிய குழாய். பல பங்குகளில் ஆளே இருக்க மாட்டார், கார்டைச் செருகி நாமே பிடிக்க வேண்டும். அந்தச் சிவப்பு வட்டத்தின் அருமை அங்கே தனியாக நின்றபோது தெரிந்தது.

ஒன்பதாம் படி: பெட்டி

வீட்டில் ஆசையாகக் கட்டிக் கொடுக்கிற நெய், பால்கோவா, இறைச்சி வறுவல் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் மாங்காயும் சான்று இல்லாமல் கூடாது. பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் போதும், எந்த ரொட்டியையும் சாப்பிட வைத்துவிடும். மலைக் கிராமங்களில் மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள்தான், பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். அவசர உதவிக்கு எண் நம் ஊர் போலவே 112.

பத்தாம் படி: முதல் நாள்

பயணம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். முதல் நாள் தூக்கத்துக்கு. இரண்டாம் நாள் ஊருக்குள் நடந்து, சாலையைக் கடக்கும்போது முதலில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கழுத்தைப் பழக்குங்கள். பைக்கை வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் கீறல்களை எல்லாப் பக்கமும் வீடியோ எடுத்து, அதை நிறுவனத்துக்கே அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும் முன் வழிகாட்டி குழுவின் முறையைச் சொல்வார். பல நிறுவனங்களில் இப்படித்தான்: ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் ஓரிடத்தைக் கை காட்டுவார், அவருக்கு அடுத்து இரண்டாவதாக வருபவர் அங்கே நின்று, பின்னால் வருகிற எல்லோருக்கும் திசை காட்ட வேண்டும். முதல் நாள் அந்த வேலை எனக்கு வந்தது. ஒரு மரச் சிலுவைக்குப் பக்கத்தில் நின்றேன். ஆறு பேர் கடந்து போனார்கள், பிறகு சத்தமே இல்லை. பத்து நிமிடம் தாண்டியதும் நம்மை மறந்துவிட்டார்களோ, கிளம்பிப் போய்ப் பிடித்துவிடலாமா என்று மனம் பரபரக்கும். கிளம்பக் கூடாது. ஒருவருக்கு டயர் பஞ்சராகியிருக்கலாம், ஒருவர் மெதுவாக வரலாம். கடைசி ஆள் மஞ்சள் மேல்சட்டையோடு வளைவில் தெரியும் வரை இன்ஜினை அணைத்துவிட்டு, கையுறையைக் கழற்றாமல் அங்கேயே நில்லுங்கள்.